காணாமல் போகும் முகவரிகள்

1906ஆம் ஆண்டு பிரிட்டனில் நாய்கள் சட்டம் ஒன்று வந்தது. தெருவில் ஆளில்லாமல் அலையும் நாயைப் பிடிக்கும் போலீசார், முதலில் அதன் கழுத்துப்பட்டையில் யாருடைய முகவரியாவது பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது அது. முகவரி இருந்தால் அங்கே எழுத்து மூலம் அறிவிப்பு போகும். அறிவிப்பு கிடைத்த பிறகு ஏழு நாள் காத்திருப்பார்கள். யாரும் வராவிட்டால் நாயை விற்கலாம், அல்லது கொன்றுவிடலாம். பட்டை இல்லாத நாய்க்கோ பிடிபட்ட நாளிலிருந்தே அந்த ஏழு நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

பித்தளைத் தகட்டில் வெட்டிய ஒரு வரியை நம்பித்தான் ஒரு நாயின் உயிர் இருந்தது. வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோய், தகட்டை மாற்ற மறந்திருந்தால் அறிவிப்பு காலி வீட்டின் கதவிடுக்கில் கிடக்கும். இன்று தகடு போய், தோலுக்கடியில் மைக்ரோசிப் வந்துவிட்டது. விலங்கின் உடலில் வைக்கும் அடையாளத்தை இரு நூற்றாண்டுகளாக மனிதர்கள் செம்மைப்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்த அடையாளம் யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமோ, அவருடைய விவரத்தைப் புதுப்பித்துவைக்கும் வழக்கம் மட்டும் அதே வேகத்தில் வளரவில்லை.

லண்டனில் நாய் வளர்ப்பது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வரி கட்ட வேண்டிய விஷயமாகிவிட்டது. 1796இல் நாய் வரி வந்தது. அதற்காகப் பாராளுமன்றத்தில் முனைந்து வாதாடிய ஜான் டென்ட் என்ற உறுப்பினருக்கு ‘நாய் டென்ட்’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் நாய் திருட்டு ஒரு முழுநேரத் தொழிலாக வளர்ந்தது. பணக்காரர் வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போய், ஆள் அனுப்பிப் பேரம் பேசி, பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கும் கும்பல்கள் இருந்தன. கவிஞர் எலிசபெத் பாரெட்டின் ஃப்ளஷ் என்ற ஸ்பானியல் நாய் மூன்று முறை திருடுபோனது. 1846இல் மூன்றாவது முறை, திருமணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, வீட்டார் தடுத்தும் கேளாமல் அவரே வண்டியேறித் திருடர்கள் குடியிருந்த பகுதிக்குப் போனார். கடைசியில் ஆறு கினி கொடுத்துத்தான் ஃப்ளஷ் வீடு திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டே நாய் திருட்டைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வந்திருந்தும் இந்த நிலைமை.

கழுத்துப்பட்டை திருடர்களிடம் செல்லுபடியாகாது. அவர்கள் முதலில் கழற்றி எறிவதே அதைத்தான். வழி தவறிய நாய்க்கு மட்டுமே அது உதவும். அப்படியும் அதற்குக் கிராக்கி இருந்தது. லண்டன் தெருவோர வாழ்க்கையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுணுக்கமாகப் பதிவுசெய்த ஹென்றி மேஹ்யூ, நாய்ப்பட்டை விற்றுப் பிழைத்தவர்களையும் தனியாகக் குறித்துவைத்திருக்கிறார். பட்டைகள் எத்தனை விதமாக இருந்தன என்று பார்க்க விரும்புகிறவர்கள் கென்ட் வட்டாரத்தின் லீட்ஸ் கோட்டைக்குப் போகலாம். பல நூற்றாண்டுப் பட்டைகள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. வேட்டை நாயின் தொண்டையை ஓநாயும் பன்றியும் கவ்வாமலிருக்க முள் வைத்த இரும்புப் பட்டைகள் பழையவை. எசமானின் பெயரைச் சொல்லும் பட்டைகள் பின்னால் வந்தவை. நாய் காட்டை விட்டு நகரத்துக்கு வந்த கதையை அந்தக் கண்ணாடிப் பெட்டிகளிலேயே படித்துவிடலாம்.

1860இல் மேரி டீல்பி என்ற பெண்மணி வடக்கு லண்டனின் ஹாலோவே பகுதியில் தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்காக ஒரு காப்பகம் தொடங்கினார். மனிதர்களே பட்டினி கிடக்கும் ஊரில் நாய்க்கு விடுதியா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் விடவில்லை. 1871இல் காப்பகம் பேட்டர்ஸீக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1867இல் வந்த சட்டத்தின்படி லண்டன் போலீசார் தெரு நாய்களைப் பிடிக்கத் தொடங்க, அவை காப்பகத்துக்கு வந்து குவிந்தன. தொலைந்த நாயைத் தேடும் குடும்பங்கள் அங்கே போய்க் கூண்டு கூண்டாகப் பார்த்து வந்தார்கள். நாய் யாருடையது என்று கண்டுபிடிக்கும் வேலையை ஒரு நிறுவனம் தன் அன்றாடத் தொழிலாகச் செய்தது அங்கேதான் நிலைபெற்றது.

அதே 1867இல்தான் பழைய வரிக்குப் பதில் ஆண்டு உரிமம் வந்தது. கட்டணம் ஐந்து ஷில்லிங். 1878இல் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் ஆனது. அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் அந்தத் தொகையை யாரும் தொடவே இல்லை. 1971இல் நாணய முறை மாறியபோது அது 37½ பென்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டதுதான் குறிப்பிடத்தக்க ஒரே மாற்றம். வசூலிக்கும் செலவு வரும்படியைத் தாண்டிவிட்டது, கட்டாதவர்களும் ஏராளம் என்று சொல்லி 1987இல் கிரேட் பிரிட்டனில் உரிமத்தையே ஒழித்தார்கள். வட அயர்லாந்து மட்டும் வைத்துக்கொண்டது.

கணக்கு நோக்கில் அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் அந்த உரிமத்தில் யாரும் பெரிதாக மதிக்காத ஒரு நன்மை இருந்தது. நாய் வைத்திருப்பவர் ஆண்டுக்கொரு முறை அஞ்சலகத்துக்குப் போய்த் தன் பெயரையும் முகவரியையும் மறுபடி எழுதிக் கொடுத்தார். வீடு மாறியிருந்தால் புது முகவரி தானாகவே பதிவேறிவிடும். உரிமம் போனதும் அந்த வழக்கமும் போயிற்று. இரண்டே ஆண்டில், 1989இல், பிரிட்டனுக்கு மைக்ரோசிப் வந்தது. ஆண்டுதோறும் புதுப்பித்த காகிதம் இருந்த இடத்துக்கு, ஒரு முறை பதிந்தால் ஆயுளுக்கும் போதும் என்று மக்கள் எண்ணிக்கொண்ட கருவி வந்து உட்கார்ந்தது. இன்றைய சிக்கலின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் அமெரிக்காவின் ஓனியைச் சொல்லாமல் போக முடியாது. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி அஞ்சலகத்தில் 1880களின் இறுதியில் ஒண்டிக்கொண்ட கலப்பின நாய் அது. தபால் மூட்டைகளின் மீது படுத்துத் தூங்கும். மூட்டை ரயிலேறினால் தானும் ஏறிவிடும். தொலைந்துவிடுமோ என்று பயந்த ஊழியர்கள் அதன் பெயரையும் ஆல்பனி அஞ்சலகத்தின் பெயரையும் பொறித்து ஒரு பட்டை மாட்டிவிட்டார்கள். போன ஊரிலெல்லாம் மற்ற ஊழியர்கள் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு வில்லையைக் கோத்துவிட, கழுத்து தாங்கவில்லை. அப்போதைய தபால் துறைத் தலைவர் ஜான் வானமேக்கர் வில்லைகளை மாட்ட ஒரு சட்டை போன்ற வாரையே செய்து கொடுத்தார். 1895இல் கப்பலேறி உலகத்தைச் சுற்றியும் வந்தது. ஓனி எங்கே போனாலும் திரும்பி வந்ததற்குக் காரணம் எளிது. அதன் முகவரி ஓர் அஞ்சலகம். அது குடி மாறவில்லை. வாடகை வீட்டு நாய்களுக்கு அந்த வசதி கிடையாது.

பட்டை கழன்றுவிடும், கழற்றவும் முடியும் என்பதால் உடலிலேயே குறி வைக்கும் முயற்சி அடுத்து வந்தது. 1960களில் அமெரிக்காவில் வளர்ப்பு நாய்களைத் திருடி ஆய்வுக்கூடங்களுக்கு விற்கிறார்கள் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. பெப்பர் என்ற டால்மேஷியன் நாய் 1965இல் அப்படிக் காணாமல் போய் ஒரு மருத்துவமனை ஆய்வில் இறந்தது. 1966 பிப்ரவரியில் ‘லைஃப்’ இதழ் நாய் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம் பிடித்து வெளியிட்டது. அந்த ஆகஸ்டிலேயே ஆய்வுக்கூட விலங்குகள் நலச் சட்டம் நிறைவேறியது. திருட்டுக்கு அஞ்சியவர்கள் நாயின் தொடை உட்புறத்தில் பச்சை குத்தத் தொடங்கினார்கள். எண் எது? பலர் தங்கள் சமூகப் பாதுகாப்பு எண்ணையே குத்திவைத்தார்கள். நாய் கிடைத்தவருக்கு அந்த எண் தெரியும், ஆனால் அது யாருடையது என்று அரசு அலுவலகம் வெளியாருக்குச் சொல்லாது. எண்ணையும் உரிமையாளரையும் இணைக்கும் பதிவேடு தனியாக வேண்டும் என்பது அப்போதே தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதோடு பச்சை மங்கும், மேலே மயிர் வளரும், கண்டெடுத்தவர் தொடையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

சிப் நாய்க்காகப் பிறந்ததல்ல, மாட்டுக்காகப் பிறந்தது. எந்த மாட்டுக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்று கணக்கு வைக்க ஒரு வழி வேண்டும் என 1970களில் அமெரிக்க வேளாண் துறை கேட்க, அணு ஆய்வுக்குப் பேர்போன லாஸ் அலமோஸ் ஆய்வகம் அதற்கான வானொலி அலைச் சில்லை உருவாக்கியது. பிறகு தனியார் நிறுவனங்கள் அதைக் கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்து, ஊசி வழியாகத் தோலுக்கடியில் வைக்கும் அளவுக்குச் சுருக்கின. அரிசி மணி அளவுதான் இருக்கும். 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் பருமன்.

கால்நடை மருத்துவமனையில் இதைப் படிப்பதைப் பார்த்தால் அதன் எல்லையும் புரிந்துவிடும். மருத்துவர் ஸ்கேனரைக் கையில் பிடித்து, நாயின் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே மெதுவாக நகர்த்துவார். அங்கே ஒன்றும் வராவிட்டால் பக்கவாட்டில், முன்னங்கால் வரைக்கும் தேடுவார், ஏனென்றால் வைத்த இடத்திலிருந்து சிப் சில சமயம் நழுவிவிடும். சிப்பில் பேட்டரி இல்லை. ஸ்கேனர் அனுப்பும் அலையே அதிலுள்ள கம்பிச்சுருளுக்கு அந்தக் கண நேரத்துக்கு மின்சாரம் தருகிறது. உடனே திரையில் 15 இலக்க எண் ஒன்று வரும். அவ்வளவுதான். பெயர் வராது, போன் நம்பர் வராது, நாய் எங்கே சுற்றியது என்பதும் வராது. மிச்சமெல்லாம் எங்கோ ஒரு கணினியில் அந்த எண்ணுக்கு எதிரே யாரோ எழுதிவைத்த விவரத்தைப் பொறுத்தது.

அந்த எண்ணைப் படிப்பதே ஆரம்பத்தில் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அலைவரிசை வைத்திருந்தது. ஒருவர் சிப்பை இன்னொருவர் ஸ்கேனர் படிக்காது. 1996இல் பன்னாட்டுத் தரம் வகுத்து 134.2 கிலோஹெர்ட்ஸ் என்று நிர்ணயித்தார்கள். ஐரோப்பா அதற்கு மாறியது. அமெரிக்காவில் 125 கிலோஹெர்ட்ஸ் சிப்புகளே வெகுகாலம் கோலோச்சின; அங்கே பன்னாட்டுத் தரச் சிப்புகள் விற்பனைக்கு வந்தபோது பல காப்பகங்களின் ஸ்கேனர்களுக்கு அவை கண்ணிலேயே படவில்லை. எல்லா அலைவரிசையையும் படிக்கும் ஸ்கேனர்கள் பரவிய பிறகே அந்தத் தொல்லை குறைந்தது.

கருவி சரியானதும் மனிதர்களின் பங்கு வெளிச்சத்துக்கு வந்தது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா லார்ட் தலைமையிலான குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுவது. 53 அமெரிக்கக் காப்பகங்களுக்கு வந்த, சிப் வைத்த 7,704 விலங்குகளை அவர்கள் கணக்கெடுத்தார்கள். சிப் பயன் தருகிறது என்பதில் சந்தேகம் வைக்கவில்லை. தெருவிலிருந்து வந்த நாய்களில் மொத்தத்தில் 21.9 விழுக்காடுதான் வீடு திரும்பின. சிப் உள்ள நாய்களில் 52.2 விழுக்காடு. பூனைகளின் கதை இன்னும் வியப்பானது: 1.8 விழுக்காடு எங்கே, 38.5 விழுக்காடு எங்கே!

அப்படியென்றால் சிப் இருந்தும் வீடு திரும்பாதவற்றுக்கு என்ன ஆயிற்று? உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனவற்றில் 35.4 விழுக்காட்டுக்குக் காரணம், பதிவில் இருந்த போன் நம்பர் தவறு அல்லது துண்டிக்கப்பட்டது. 24.3 விழுக்காட்டில் அழைப்புக்கோ கடிதத்துக்கோ பதில் இல்லை. 9.8 விழுக்காட்டில் சிப்பை எங்குமே பதியவில்லை. 17.2 விழுக்காட்டில் தயாரித்த நிறுவனத்தின் பதிவேட்டில் இல்லாமல் வேறொன்றில் பதிந்திருந்தது. சிப் உடைந்ததோ கெட்டதோ இந்தப் பட்டியலின் முன்வரிசையில் இல்லை. நாயைக் கண்டுபிடித்தாயிற்று, எண்ணும் கிடைத்தாயிற்று, எதிர்முனையில் போனை எடுக்கத்தான் ஆளில்லை.

போன் நம்பர் மாறுவதற்கு வீடு மாற வேண்டும் என்றுகூட இல்லை. லண்டனில் 1989இல் சிப் வைத்த ஒரு நாய்க்குட்டியை எடுத்துக்கொள்வோம். பதிவில் எழுதிய எண் 01 என்று தொடங்கியிருக்கும். 1990 மே மாதம் அது 071 அல்லது 081 ஆயிற்று. 1995 ஏப்ரலில் 0171, 0181. 2000 ஏப்ரலில் 020. பதினோரு ஆண்டுக்குள் மூன்று மாற்றம். அந்தக் குடும்பம் அதே வீட்டில், அதே மேசை மீதிருந்த அதே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாலும், சிப்போடு சேர்ந்த எண் நாயின் முதல் பிறந்தநாள் வாக்கிலேயே பழசாகிவிட்டது. அதற்குப் பிறகு தொலைபேசியை எடுத்துவிட்டுச் செல்போனுக்கு மாறினார்கள். செல்போன் நிறுவனத்தையும் மாற்றினார்கள். நாய் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு வாழ்கிறது. பூனை அதையும் தாண்டும். ஒரே போன் நம்பரை அத்தனை ஆண்டு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்?

இந்த அனுபவத்தையெல்லாம் வைத்துத்தான் இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு விதிகளை எழுதினார்கள். 2016 ஏப்ரல் 6 முதல், எட்டு வாரம் தாண்டிய நாய்க்குச் சிப் கட்டாயம். விதிகளின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கிறது. சிப் வைத்தது மட்டும் கணக்கில் வராது. வளர்ப்பவரின் சரியான பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அங்கீகாரம் பெற்ற பதிவேட்டில் இருந்தால்தான் அந்த நாய் சட்டப்படி சிப் வைத்த நாய். நோட்டீஸ் வந்த 21 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். குட்டியை விற்பவர்தான் முதல் பதிவுதாரர்; வாங்குபவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நாய் கைமாறும் நேரத்தில்தான் சங்கிலி அறுகிறது என்பதை அறிந்து போட்ட விதி அது. 2024 ஜூன் 10 முதல் இருபது வாரம் தாண்டிய வளர்ப்புப் பூனைகளுக்கும் இதே கட்டாயம் வந்துவிட்டது. பித்தளைத் தகட்டையும் இங்கிலாந்து கைவிடவில்லை. பொது இடத்தில் நாயின் கழுத்தில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்ற 1992ஆம் ஆண்டு ஆணை இன்னும் நடைமுறையில் உள்ளது. அது நல்ல ஏற்பாடு. சிப்பைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். தகட்டைப் படிக்கக் கண் போதும்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. பிரிட்டனில் பதிவேடு ஒன்றல்ல. தனித்தனி நிறுவனங்கள் நடத்தும் பதிவேடுகள் இருபதுக்கும் மேல். பதிவேட்டை நடத்தும் நிறுவனமே மறைந்துபோகவும் கூடும். அமெரிக்காவில் ‘சேவ் திஸ் லைஃப்’ என்ற சிப் நிறுவனம் 2025 தொடக்கத்தில் திடீரென்று இயங்காமல் போனது. 991 என்றும் 900164 என்றும் தொடங்கும் அதன் எண்களை வைத்திருந்தவர்கள் வேறொரு பதிவேட்டில் மறுபடி பதிந்துகொள்ளுங்கள் என்று கால்நடை மருத்துவமனைகளும் காப்பகங்களும் அறிவிக்க வேண்டியதாயிற்று. செய்தி எட்டாதவர்களின் நாய்களும் பூனைகளும் இன்னும் அந்த எண்ணைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகின்றன. ஸ்கேனர் அதைப் பிழையில்லாமல் படிக்கும். எண்ணுக்குப் பின்னால் எதுவும் இருக்காது. அரசோ, அரசு பொறுப்பேற்கும் பொது அமைப்போ நடத்தும் ஒரே பதிவேடுதான் இதற்குத் தீர்வு. தனியார் பட்டியல்கள் எத்தனை இருந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இந்தக் கதை இப்போது சென்னைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 2025 இறுதியில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் எடுக்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் நாயும் கையுமாக வரிசை நின்றது. பிரிட்டன் 1987இல் கைவிட்டதும் 1989இல் எடுத்துக்கொண்டதும் இங்கே ஒரே நேரத்தில் சேர்ந்து வந்திருப்பது நமக்கு வாய்த்த நல்ல வசதி. ஆயுளுக்கும் மாறாத எண் சிப்பில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உரிமம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுப்பிக்கும் நாளன்று பழைய விவரத்தை அப்படியே விட்டுவிடாமல், போன் நம்பரையும் முகவரியையும் ஒரு முறை வாசித்துப் பார்த்தால் லண்டன் பட்ட பாட்டை நாம் படவேண்டியதில்லை.

வீட்டில் நாயோ பூனையோ இருப்பவர்கள் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். 15 இலக்கங்களையும் எழுதிக்கொண்டு, அது எந்தப் பதிவேட்டில், யார் பெயரில், எந்த நம்பரில் இருக்கிறது என்று பாருங்கள். விற்றவரின் பெயரோ, முன்பு வளர்த்தவரின் பெயரோ இருந்தால் உடனே மாற்றுங்கள். உங்கள் நம்பரோடு, ஊர் மாறாத ஒரு உறவினரின் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். சிம் மாற்றும் அன்றைக்கு வங்கிக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் சொல்வீர்கள் அல்லவா, அதோடு இதையும் சொல்லிவிடுங்கள்.